காந்தம் ஒட்டினால் மட்டமான பாத்திரமா?

மாணவர்களே, பொங்கலுக்குப் புதுப் பானை வாங்க அம்மாவுடன் கடைக்குச் சென்றிருப்பீர்கள். அங்கே சிலர் சிறு காந்தம் ஒன்றைப் பாத்திரத்தின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டாவிட்டால் “நல்ல எவர்சில்வர்” என்று வாங்குவார்கள். ஒட்டினால் திருப்பி வைத்துவிடுவார்கள். இந்தச் சோதனை சரிதானா? பாத்திரம் உருவாகும் விதத்தை அறிந்தால் விடை கிடைக்கும்.

துருவைத் தடுக்கும் படலம்

எவர்சில்வரில் வெள்ளி இல்லை. அது இரும்புடன் குரோமியம் கலந்த எஃகு. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், துப்பாக்கிக் குழல்கள் தேய்வதைத் தடுக்க வழி தேடிய ஹாரி பிரியர்லி, குரோமியம் மிகுந்த எஃகை அமிலங்கள் எளிதில் அரிப்பதில்லை என்பதைக் கண்டார்.

எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருந்தால், அது காற்றிலுள்ள உயிர்வளியுடன் சேர்ந்து மேற்பரப்பில் குரோமிய ஆக்சைடு படலத்தை உண்டாக்குகிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர் மட்டுமே. கீறல் விழுந்தாலும், உயிர்வளி பட்டதும் படலம் மீண்டும் உருவாகிவிடும்.

தகடு பானையாகும் விதம்

பழைய எஃகுத் துண்டுகளுடன் குரோமியம், நிக்கல் முதலியவற்றைச் சேர்த்து மின் உலையில் உருக்குகிறார்கள். பின்னர் அதைப் பாளமாக வார்த்து, உருளைகளுக்கிடையே செலுத்தி மெல்லிய தகடாக்குகிறார்கள். தகட்டை வட்டமாக வெட்டி, அச்சில் வைத்து அழுத்த இயந்திரத்தால் அழுத்தினால் கிண்ண வடிவம் வருகிறது. ஆழமான பானையை ஒரே அழுத்தத்தில் செய்தால் கிழிந்துவிடும். அதனால் பல முறை அழுத்துவார்கள். உலோகம் விறைத்துப்போனால் இடையிடையே சூடாக்கி இளக்குவார்கள். பிறகு விளிம்பைச் சீராக்கி, மெருகேற்றி, கைப்பிடி பொருத்துவார்கள்.

காந்தம் சொல்வதும் சொல்லாததும்

உணவுப் பாத்திரங்களில் புகழ்பெற்றது 304 வகை. இதில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. பாத்திரத்தில் 18/8 என்று பொறித்திருப்பது இதைத்தான் குறிக்கிறது. நிக்கல் இரும்பு அணுக்களின் அடுக்கை மாற்றுவதால் காந்தம் ஒட்டாது. நிக்கல் விலை உயர்ந்தது. ஆகவே 201 வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டுகிறார்கள். இதிலும் காந்தம் ஒட்டாது! ஆனால் உப்பின் அரிப்பை 304 அளவுக்கு இது தாங்காது. 430 வகையில் நிக்கல் இல்லாததால் காந்தம் நன்றாக ஒட்டும். அதுவும் துருவை எதிர்க்கும் எஃகுதான்.

இன்னொரு வியப்பு: அழுத்தி வளைக்கும்போது அணு அடுக்கு சற்று மாறுவதால், அசல் 304 பானையின் வளைவிலும் காந்தம் இலேசாக ஒட்டக்கூடும். இண்டக்ஷன் அடுப்புக்கான பானையிலோ, அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டியே ஆகவேண்டும். எனவே, காந்தத்தை மட்டும் நம்பி நல்ல பானையை ஒதுக்கவோ மட்டமானதை வாங்கவோ கூடாது.

வாங்கும்போது கவனியுங்கள்

• எஃகு வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்தும். எனவே அடியில் அலுமினிய அடுக்கு கொண்ட கனமான பானையில் சோறு எளிதில் அடிப்பிடிக்காது.
• அடிப்பாகத்தில் அடிக்கோலை வைத்துப் பாருங்கள். சமமாக இருந்தால்தான் அடுப்பில் ஆடாது.
• விளிம்பு கையைக் கீறக்கூடாது, கைப்பிடி அசையக்கூடாது.
• வகை எண் பொறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள்.

வாங்கிய பிறகும் ஒரு கவனம் தேவை. குளிர்ந்த நீரில் உப்பைப் போட்டால் அது அடியில் தங்கி, படலத்தைத் துளைத்துச் சிறு குழிகளை உண்டாக்கலாம். தண்ணீர் கொதித்த பிறகு உப்பைப் போட்டுக் கிளறுங்கள்.

செய்து பாருங்கள்

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியுள்ள காந்தம் ஒன்றை எடுங்கள். வீட்டிலுள்ள ஐந்து எவர்சில்வர் பாத்திரங்களின் பக்கம், வளைவு, அடி ஆகிய மூன்று இடங்களிலும் வைத்துப் பாருங்கள். வலுவாக ஒட்டுகிறதா, இலேசாக ஒட்டுகிறதா, ஒட்டவே இல்லையா என்று அட்டவணையில் குறியுங்கள். ஒரே பாத்திரத்தில் இடத்துக்கு இடம் விடை மாறினால், அதற்கான காரணத்தை இப்போது நீங்களே வீட்டாருக்கு விளக்கலாம்.