நூறில் எழுபத்து நான்கு முளைத்தால் விதை மட்டமா?

நெல் விதை மூட்டையின் சீட்டில் முளைப்புத்திறன் 80 சதம் என்று போட்டிருக்கிறது. சான்று விதை நெல்லுக்கு இருக்க வேண்டிய குறைந்த அளவும் இதுதான். வீட்டில் 100 விதையை ஈரச்சாக்கில் சுருட்டி வைத்துப் பார்த்தால் 74 தான் நல்ல முளை விட்டது. உடனே கடைக்காரரிடம் சண்டைக்குப் போகலாமா?

கொஞ்சம் பொறுக்க வேண்டும். 80 சதம் முளைக்கக் கூடிய நல்ல விதையிலும் கைக்கு வரும் ஒவ்வொரு நூறிலும் சரியாக 80 முளைக்காது. ஒரு நூறில் 84 வரும், இன்னொன்றில் 77 வரும். 74 வந்தது இந்த ஏற்ற இறக்கத்தாலா, விதையின் கோளாறாலா என்று பிரித்துச் சொல்வதே ஈருறுப்புச் சோதனை.

கையால் போட்டால் பெரிய கணக்கு. கணிப்பொறியில் ‘ஆர்’ என்ற இலவச மென்பொருள் நொடியில் போட்டுவிடும். கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் போதும். ‘பைனாம்.டெஸ்ட்’ என்ற கட்டளையில் முளைத்தது 74, வைத்தது 100, சீட்டின் அளவு 0.8 என்று வரிசையாகக் கொடுத்து, ‘குறைவா’ என்பதை மட்டும் பார்க்கச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் கூடுதலையும் சேர்த்துப் பார்த்து வேறு விடை தரும்.

கிடைக்கும் விடை 0.0875. அதாவது, விதை சீட்டில் உள்ளபடியே இருந்தாலும் 74 அல்லது அதற்கும் கீழே வர 100-க்கு சுமார் 9 தடவை வாய்ப்பு உண்டு. வழக்கத்தில் இது 100-க்கு 5-க்குக் கீழே போனால்தான் சந்தேகம் வலுக்கும். 100 விதையில் 72 அல்லது அதற்குக் குறைவாக முளைத்திருந்தால் அப்படி ஆகும். அதற்காக 74 வந்த விதை நல்லது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. குற்றம் நிரூபணம் ஆகவில்லை, அவ்வளவுதான்.

இன்னும் 300 விதை வைத்துப் பார்ப்பதே வழி. மொத்தம் 400-ல் 296 முளைத்தால் அதுவும் அதே 74 சதம்தான். ஆனால் விடை ஆயிரத்துக்கு இரண்டாகச் சுருங்கிவிடும். இப்போது தைரியமாகக் கேட்கலாம். விதைப் பரிசோதனை நிலையங்களில் 400 விதை வைப்பதும் சும்மா இல்லை.

விதையை மூட்டையின் மேல், நடு, அடி எல்லா இடத்திலும் எடுத்துக் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு எண்ண வேண்டும். திரட்சியானதாகப் பொறுக்கினால் கணிப்பொறியும் பொய்தான் சொல்லும். புதிதாக அறுத்த நெல்லில் விதை உறக்கம் இருந்தாலும் முளைப்பு குறைவாகத் தெரியும். சந்தேகம் வலுத்தால் மீதி விதையையும் சீட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்தி, விதைக்கும் முன்பே விதை ஆய்வாளரிடம் கொண்டு போவது நல்லது.