கேமரா பெல்ட்டும் சும்மாடும்

இந்த முறை அறிவியல் பகுதிக்கு நான் எடுத்த தலைப்பு கேமரா பெல்ட். "இதுல என்ன அறிவியல் இருக்கு?" என்று கேட்காதீங்க. ஒன்பதாம் வகுப்பு அழுத்தப் பாடமே இதில் இருக்கு.

என் சாச்சி கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பவர். காலையில் கேமராவை மாட்டினால் ராத்திரிதான் கழற்றுவார். லென்ஸ், பிளாஷ் எல்லாம் சேர்த்து இரண்டு கிலோ. "இந்தக் கழுத்து வலியாலேயே தொழிலை விட்டுருவேன் போலிருக்கு" என்று உம்மாவிடம் சொன்னார். ஒரு நல்ல தொழில் ஒரு பெல்ட்டால் போகலாமா? அதனால்தான் இதைப் பற்றி யோசித்தேன்.

படம் எடுப்பவர்கள் எடை சுமப்பது புதுசு இல்லை. 1912-ல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் புகழ் பெற்றவர். 1970-ல் பத்மஸ்ரீ விருது வாங்கினார். பல பாகங்களைச் சேர்த்து அவரே உருவாக்கிய பெரிய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பேர் வைத்திருந்தார்.

இப்போ கணக்குக்கு வருவோம். அழுத்தம் = விசை ÷ பரப்பு. இரண்டு கிலோ கேமராவின் எடை சுமார் 20 நியூட்டன். பெல்ட் 20 செ.மீ. நீளத்துக்குக் கழுத்தில் படுகிறது என்று வைப்போம்.

1 செ.மீ. அகல பெல்ட்: பரப்பு 20 ச.செ.மீ. அழுத்தம் ஒரு ச.செ.மீ.க்கு 1 நியூட்டன்.
4 செ.மீ. அகல பெல்ட்: பரப்பு 80 ச.செ.மீ. அழுத்தம் 0.25 நியூட்டன்தான்.

நாலில் ஒரு பங்கு! மீன் கூடை சுமக்கிறவங்க தலையில் சும்மாடு வைப்பதும் இதுக்குத்தான்.

ஆனால் ஒன்றை அடிக்கோடு போட்டுக்கோங்க: அகலமான பெல்ட் அழுத்தத்தைக் குறைக்கும், எடையைக் குறைக்காது. கேமரா நெஞ்சுக்கு முன்னால் தொங்கினால் கழுத்தை முன்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். பின்கழுத்துத் தசைகள் நாள் பூரா எதிர்த்து இழுக்கணும். அப்போ தோல் வெட்டாது, வலி மட்டும் இருக்கும். அதனால் நீண்ட நேர வேலைக்கு எடையைக் கழுத்திலிருந்து தோளுக்கு மாற்றணும்.

எந்த பெல்ட் யாருக்கு?

1. கழுத்து பெல்ட்: சின்னக் கேமராவுக்கும் கொஞ்ச நேர வேலைக்கும் போதும்.
2. குறுக்கு பெல்ட்: ஒரு தோளில் போட்டு எதிர்ப்பக்க இடுப்பில் கேமரா தொங்கும். கழுத்து தப்பிக்கும். குனியும்போது கேமரா ஆடும், ஒரு கையால் பிடிக்கணும். அடிக்கடி தோளை மாற்றணும்.
3. இரட்டைத் தோள் பெல்ட்: ஸ்கூல் பை மாதிரி இரண்டு தோளும் சுமக்கும். கனமான கேமராவுக்கு நல்லது. நம்ம ஊர் வெயிலில் முதுகு வேர்க்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

• மெல்லிய நைலான் தோளை வெட்டும். ரப்பர் ஸ்பாஞ்சு மெத்தென்று இருக்கும், ஆனால் ரொம்ப இழுபட்டால் நடக்கும்போது கேமரா குதிக்கும். பருத்தித் துணி வேர்வையை உறிஞ்சும், துவைக்கலாம்.
• தையலையும் கொக்கியையும் இழுத்துப் பாருங்க. கடற்கரை ஊரில் இரும்பு வளையம் சீக்கிரம் துருப்பிடிக்கும்.
• முக்காடு போடுபவர்கள் பின் குத்திய இடத்தில் பெல்ட் படாத மாதிரி பார்க்கணும்.
• கடையில் ஒரு நிமிஷம் மாட்டினால் எல்லா பெல்ட்டும் சுகமாத்தான் இருக்கும். சொந்தக் கேமராவை மாட்டிக் கொஞ்ச நேரம் நடந்து, குனிந்து பார்த்து வாங்கணும்.

எவ்வளவு நல்ல பெல்ட்டாக இருந்தாலும் சாப்பிடும்போதாவது கழற்றி வைக்கணும். கை மரத்துப் போனால் தைலம் போதாது, டாக்டரிடம் காட்டணும்.

தோழிகளே, நமக்கும் இதில் பாடம் உண்டு. 2020-ல் வந்த தேசியப் பள்ளிப் பை கொள்கைப்படி, பையின் எடை நம் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 40 கிலோ இருப்பவருக்கு 4 கிலோ. பையை ஒரே தோளில் மாட்டுபவர்கள் இன்றைக்கே இரண்டு தோளிலும் மாட்டுங்க!

உங்களுக்கு ஒரு கேள்வி: அதே கேமராவை 5 செ.மீ. அகல பெல்ட்டில் மாட்டினால் அழுத்தம் எவ்வளவு? கணக்குப் போட்டு என்னிடம் கொண்டு வாங்க.