சிறு பாய்ப்படகிற்கேற்ற மேல்விரிப்பு

படூருக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் உவர்நீர்க் கழி முட்டுக்காட்டருகே கடலொடு கலக்கின்றது. இத்தகைய நீரில் பாய்ப்படகு செலுத்த விழையும் மாணவர் படகின் விலையையே எண்ணுவர். படகோட்டி அமரும் குழியை மூடும் விரிப்பை மறப்பர். வடிகாலற்ற குழி 2 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உடையதாயின், அதில் 5 சென்டிமீட்டர் மழைநீர் தேங்கினாலே 150 கிலோகிராம் பாரமாகும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் அதற்கு ஓரிரவு போதும்.

கடைத்தெருவில் மலிவாய்க் கிடைக்கும் நீலப் பாலித்தீன் விரிப்பு பெரும்பாலும் ஓரிரு கோடைக்குள் இழையிழையாய்ப் பிரிந்துவிடும். வெயிலின் புற ஊதாக் கதிரே அதற்குப் பகை. ஆண்டுதோறும் புதிது வாங்குவோர் ஐந்தாண்டுக் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்ப்பாராக! பருத்திக் கித்தான் நனைந்தால் நூல் பருத்துத் துளையை அடைக்கும், காற்றையும் ஓரளவு விடும். ஆயின் ஈரத்தோடு மடித்து வைப்பின் பூஞ்சணம் பற்றும். அக்ரிலிக் துணி மிக நன்று, விலைதான் எட்டாது.

ஆதலின், லாரிச் சரக்கை மூடும் பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர்த் தார்ப்பாயே நமக்கு ஏற்றதென்பது எமது கருத்து. லாரிக்குத் தைப்போரே இதனையும் தைப்பர். காற்றுப் புகாமை அதன் குறை. ஆகவே இருமுனையிலும் சிறு திறப்பு விடுக. பருத்தி நூல் துணிக்கு முன்னரே இற்றுவிடுமாதலின் பாலியெஸ்டர் நூலே கேட்டு வாங்குக. வளையங்கள் பித்தளையாக இருத்தல் வேண்டும். உப்புக்காற்றில் இரும்பு நில்லாது.

நெடுக்காக மூங்கிலொன்றைக் கட்டி, விரிப்பைக் கூரைபோற் சரித்தல் இன்றியமையாதது. தட்டையாகக் கட்டியது எத்துணை விலையுயர்ந்ததாயினும் நடுவே குளமாகும். அளவெடுக்குங்கால் படகின் விளிம்பிற்கு வெளியே ஒரு சாண் தொங்கவிடுக. அன்றேல் வழியும் நீர் மீண்டும் குழிக்குள்ளேயே இறங்கும்.