விற்றாலும் காசு, விற்காவிட்டாலும் காசா?

கேள்வி: ஏலத் தளத்தில் பொருளைப் பட்டியலிடவே கட்டணம் கேட்டால் விற்பவர்கள் ஓடிவிட மாட்டார்களா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ஓடினார்களே! 2001 ஜனவரியில் யாஹூ தன் அமெரிக்க ஏலத் தளத்தில், பொருளுக்கு 20 சென்ட்டில் தொடங்கிக் கட்டணம் விதித்தது. சில வாரங்களில் பட்டியல்களில் பெரும்பகுதி காணாமல் போனது. அதில் யாரும் சீண்டாத சரக்கும் நிறைய இருந்தது, அது வேறு கதை. 2005இல் கட்டணத்தை எடுத்தார்கள், பலனில்லை. 2007இல் அமெரிக்கத் தளத்தையே மூடினார்கள்.

இங்கே மலேசியாவில் ஷாப்பி விற்பனைத் தளம் 2025 ஜூலையில் கொண்டுவந்த 54 சென் கட்டணம் வேறு வகை. விற்றால்தான் பிடிப்பார்கள், கமிஷன் தனி. கிள்ளானிலிருந்து 5 ரிங்கிட்டுக்குப் பொட்டுப் பாக்கெட் விற்பவருக்கு அது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். 200 ரிங்கிட் சேலைக்கோ ஒன்றுமேயில்லை. சில்லறைச் சாமான் விற்கிறீர்களா? நாலைந்தாகச் சேர்த்துக் கட்டிப் போடுங்கள். ஆர்டருக்கு ஒருமுறைதான் அந்த 54 சென்.