பழைய கணிப்பொறியில் தமிழ்

சென்ற கோடை விடுமுறையில் என் தந்தையாரின் விண்ணப்பம் ஒன்றை, மந்தாரக்குப்பத்தில் உள்ள ஒரு சிறிய அலுவலகத்தில் தமிழில் அடித்து மேலிடத்திற்கு அனுப்பினார்கள். அங்கே திறந்தபோது தமிழைக் காணோம். ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையே தெரிந்தது. கெடுவுக்கு நான்கு நாட்களே இருந்தன. "புதுக் கணிப்பொறி வாங்கினால்தான் சரிப்படும் தம்பி" என்றார் எழுத்தர். நான் படிப்பது இயற்பியல். ஆயினும் 'பி.எஸ்ஸி. படிக்கிற பிள்ளை' என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஆராய்ந்ததில், பழுது பொறியில் இல்லை என்று தெரிந்தது. கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஆங்கிலப் பெரிய 'ஏ' அதற்கு 65. பழைய தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கிலத்துக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களைப் பொருத்தியிருந்தன. அந்த எழுத்துரு இல்லாத பொறியில் ஆங்கிலம்தானே தெரியும்?

ஜப்பானியருக்கு நம்மினும் பெரிய தொல்லை. 1978இல் அவர்கள் வகுத்த எழுத்துத் தரத்தில் 6,802 எழுத்துகளும் குறிகளும் இருந்தன. ஒரு பைட்டில் 256 வேறுபாடுகளே அடங்கும். ஆகவே எழுத்துக்கு இரண்டு பைட்டு கொடுத்தனர். அவ்வாண்டு தோஷிபா அறிவித்த ஜப்பானியச் சொற்செயலியின் விலை 63 இலட்சம் யென்! எழுத்து இவ்வாறு குப்பையாவதைக் குறிக்க 'மொஜிபாகே' என்று அவர்களிடம் ஒரு சொல்லே உண்டு.

1991இல் வெளிவந்த யூனிகோடு, தமிழுக்கெனத் தனியே 128 இடங்களை ஒதுக்கியது. 247 எழுத்துகளுக்கு இது போதுமா? போதும். 'கி' என்பதைக் ககரம், இகரக் குறி என இரண்டு எண்களாகவே அது சேமிக்கிறது. 2010இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்றது.

எனவே பழைய பொறியிலேயே இலவச லினக்ஸை நிறுவினேன். லோகித் தமிழ் எழுத்துரு, லிபர் ஆபீஸ் இரண்டும் இலவசமே. 1999இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையையும் அமைத்தேன். அதில் அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் 'அம்மா' வந்துவிடும். புள்ளியைப் பொறியே வைத்துக்கொள்ளும். எழுத்துருக்குச் செலவு ஒரு காசும் இல்லை. பழைய கோப்புகளை மாற்றுவதுதான் பெரும்பாடு. எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால்தான் மாற்றியின் வழியே யூனிகோடாக்க முடியும்; அதை யாரும் குறித்து வைத்திருக்கவில்லை.

விண்ணப்பத்தை மூன்றாம் நாள் புதிதாகவே அடித்து அனுப்பினோம். தட்டச்சர் அக்காவுக்குத் தமிழ்99 பிடிக்கவில்லை. இருபது ஆண்டுப் பழக்கமாம். அவர் கைக்குப் பழைய தட்டச்சுப்பொறி அமைப்பையே போட்டுக் கொடுத்தேன். அதிலும் வருவது யூனிகோடுதான்.