வலி தீர அபினி வேண்டுமா?

படிக்கட்டில் சறுக்கி விழுந்த ஒருவருக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிச் செல்கிறார்கள். "முதலில் வலியை நிறுத்துங்கள், டாக்டர்!" என்று கெஞ்சுகிறார். எந்த மருந்தைக் கொடுப்பது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1990களுக்குப் பின், இத்தகைய வலிக்கும் அபினி வகை மாத்திரைகளை எழுதிக் கொடுப்பது பெருகியது. கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபினி ஆகிறது. மார்ஃபினும் கோடீனும் அதில் உள்ளவை. ஆக்ஸிகோடோன் அவற்றைப் போலச் செய்யப்பட்டது. இவை மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ஏற்பிகளில் பொருந்தி வலிச் செய்தியைத் தடுக்கின்றன. ஆனால் இதே வகை ஏற்பிகளுக்கு இன்ப உணர்விலும் மூச்சு விடுவதிலும் பங்கு உண்டு. அதனால் சிலர் இம்மருந்துக்கு அடிமையாகிறார்கள். அளவு மிஞ்சினால் மூச்சே நின்றுவிடும். மருந்தாகக் கிடைத்தவை, கள்ளத்தனமாக விற்றவை இரண்டையும் சேர்த்து, அபினி வகைப் பொருள்களால் 2017இல் மட்டும் அந்நாட்டில் சுமார் 47,600 பேர் இறந்தனர்.

வேறு வழி இல்லையா? அடிபட்ட இடத்தில் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாகி, நரம்பு முனைகளின் வலியுணர்வைக் கூட்டுகிறது. ஐபுப்ரோஃபென் அதன் உற்பத்தியைக் குறைக்கிறது. பாராசிட்டமாலையும் சேர்த்துக் கொடுத்தால் போதுமா?

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் இதைச் சோதித்தார்கள். முடிவு 2017இல் வெளியாயிற்று. கை கால் வலியுடன் வந்த 416 பேரைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபெனும் 1000 மில்லிகிராம் பாராசிட்டமாலும். மற்ற மூன்றுக்கும் வெவ்வேறு அபினி வகை மருந்துகளுடன் பாராசிட்டமால். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது. வலியைக் கேட்டுக் குறித்தவருக்கும் தெரியாது.

பத்துக்குச் சராசரி 8.7 ஆக இருந்த வலி, இரண்டு மணி நேரத்தில் முதல் குழுவில் 4.3 புள்ளி குறைந்தது. மற்ற குழுக்களில் 4.4, 3.9, 3.5 எனக் குறைந்தது. நோயாளி உணரத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை!

இதனால் அபினி வகை மருந்தே வேண்டாம் என்று முடிவு கட்டலாகாது. பெரிய காயத்துக்கும் புற்றுநோய் வலிக்கும் அது இன்றும் அருமருந்து. இச்சோதனை கூறுவது கை கால் வலியின் முதல் இரண்டு மணி நேரத்தைப் பற்றி மட்டுமே. எளிய மருந்து போதுமான இடத்தில் ஆபத்தான மருந்தைத் தொடங்க வேண்டியதில்லை என்பதே இதில் நாம் கற்கும் பாடம். எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

சிந்தியுங்கள்: தாம் விழுங்கியது எந்த மருந்து என்று நோயாளிகளுக்கு முன்பே தெரிந்திருந்தால், இச்சோதனையின் முடிவை நம்ப முடியுமா?