பாடம்: போன் வாங்கும் முன் யாரைக் கேட்பது?



துவாக்குடியில் ஒரு குழுக் கூட்டம். சிட்கோ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும் வந்து சேர வேண்டும் என்பதால் அந்தக் குழு ராத்திரி ஏழரைக்குத்தான் கூடும். சந்தா வசூல் முடிந்து உள்கடன் மனுக்களை எடுத்தோம். தையல் வேலை செய்யும் உறுப்பினர் ஒருவர் போன் வாங்க 12,000 ரூபாய் கேட்டிருந்தார். அவருடைய பழைய போனில் மதியத்துக்கு மேல் சார்ஜ் நிற்பதில்லை. ஜாக்கெட் மாடல் படம் அனுப்புகிறவர்கள் பதில் வராமல் வேறு டெய்லரிடம் போய்விடுகிறார்கள். நியாயமான காரணம்தான்.

எந்த போன் என்று ஊக்குநர் கேட்டார். மகன் யூடியூபில் பார்த்து வைத்திருக்கிறானாம். "லட்சம் பேர் பாத்திருக்காங்க மேடம். சூப்பர்னு சொல்றாங்க."

நாங்கள் உடனே தலையாட்டவில்லை. காரணம், இதே மாதிரி நாங்களே ஒருமுறை ஏமாந்திருக்கிறோம். கணக்கு எழுதுபவர்களுக்காக எங்கள் அலுவலகம் ஐந்து போன் வாங்கியது. நாங்களும் வீடியோ பார்த்துத்தான் வாங்கினோம். கேமரா பளிச்சென்று இருந்தது. ஆனால் பஸ்ஸில் போகும்போது ரிங் காதில் விழாது. நான்காவது மாதம் இரண்டு சார்ஜர் சூடாகிச் செத்தன. அந்தக் கம்பெனிக்குத் திருச்சியில் சர்வீஸ் சென்டரே இல்லை, சென்னைக்கு அனுப்பச் சொன்னார்கள். படித்த எங்களுக்கே இந்தக் கதி.

எனவே அன்றைக்கு எல்லோருடைய போனையும் பாயில் வைக்கச் சொன்னோம். ஒன்பது டச் போன், மூன்று பட்டன் போன். எப்போது வாங்கியது, என்ன விலை, இப்போது என்ன தொந்தரவு என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பிறகு பேச்சை நிறுத்த முடியவில்லை!

மாவு அரைத்து விற்கும் அக்கா, "ஈரக் கையோட தொட்டா இது கேக்கவே மாட்டேங்குது" என்றார். கம்பெனியில் இரும்பு தேய்க்கும் வேலை பார்ப்பவர் விரலை வைத்துக் காட்டினார். போன் திறக்கவில்லை. ரேஷன் கடை மிஷினிலும் ரேகை விழாத அதே தேய்ந்த விரல். என்.ஐ.டி. பக்கம் தள்ளுவண்டி போடும் உறுப்பினருக்கு வெயிலில் ஸ்கிரீன் தெரியவில்லை. பணம் விழுந்ததா இல்லையா என்று கையை மறைப்பாக வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறதாம். இரண்டு பேர் ஒரே மாடலை வாங்கியிருந்தார்கள். இரண்டிலும் ஒன்றரை வருஷத்தில் சார்ஜ் போடும் துளை லூசாகியிருந்தது.

இந்தச் சங்கதி எதுவும் அந்தப் பையன் பார்த்த வீடியோவில் இல்லை. அவர்கள் சோதிப்பது விளையாட்டு, கேமரா, வேகம். பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் புது போனை ஒரு வாரம் வைத்திருந்து சொல்வது ஒன்று, நம் கையில் இரண்டு வருஷம் உழைப்பது வேறு. 2016 ஆகஸ்டில் சாம்சங் கம்பெனி கேலக்ஸி நோட் 7 என்ற விலை உயர்ந்த போனை வெளியிட்டது. விமர்சகர்கள் பலரும் பாராட்டினார்கள். சில வாரத்திலேயே பேட்டரி தீப்பிடித்தது. செப்டம்பரில் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். மாற்றிக் கொடுத்த போனிலும் தீப்பிடிக்கவே, அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தினார்கள். அவ்வளவு பெரிய கம்பெனியின் பேட்டரிக் கோளாறு, முதல் வாரத்தில் பார்த்தவர்கள் கண்ணுக்குப் படவில்லை.

காசு வாங்கிக்கொண்டு புகழ்வதும் உண்டு. பணமோ இலவசப் பொருளோ வாங்கியவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆன்லைன் கடைகளில் நட்சத்திரம் போட்டு எழுதும் கருத்துகளில் போலி கலப்பதால், 2022 நவம்பரில் இந்திய தர நிர்ணய அமைவனம் அதற்கும் ஒரு தரநிலை கொண்டு வந்தது. ஆகவே வீடியோ பார்க்கும்போது 'விளம்பரம்', 'ஸ்பான்சர்' என்ற சின்ன எழுத்து எங்காவது இருக்கிறதா என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். நம்மைவிட அவர்கள் கண் கூர்மை.

இனி கடையில். டப்பாவைப் பார்த்து மயங்காமல் போனைக் கையில் வாங்குங்கள். கடை வாசலுக்கு வந்து வெயிலில் ஸ்கிரீனைப் பாருங்கள். ரிங் சத்தத்தை ரோட்டில் நின்று கேளுங்கள். தமிழில் பேசி எழுத வைத்துப் பாருங்கள். விரல் ரேகையைக் கடைக்காரர் விரலில் அல்ல, உங்கள் விரலில் சோதியுங்கள். சர்வீஸ் சென்டர் திருச்சியில் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேளுங்கள். "இருக்கும்மா, இருக்கு" என்றால் போதாது, முகவரி வேண்டும்.

பிறகு *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண் வரும். டப்பாவிலும் பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும். பழைய போன் வாங்குகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்தும், இடம் விட்டு அந்த 15 எண்ணும் அடித்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், அந்த எண் சரியானதா, முடக்கப்பட்டதா என்று பதில் வரும். திருட்டு போன் பாதி விலைக்குக் கிடைத்தாலும் நமக்கு நஷ்டம்தான். சார்ஜரில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் எட்டு எண்களும் அச்சாகியிருக்கும். அதை பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி என்று காட்டும். காட்டவில்லை என்றால் அந்தச் சார்ஜரைக் குழந்தைகள் தூங்கும் இடத்தில் சொருகாதீர்கள்.

பணத்துக்கு வருவோம். அந்த உறுப்பினர் விசாரித்த கடையில் ரொக்க விலை 11,200. 'வட்டியில்லாத் தவணை' என்றால் 12,000, அதோடு பிராசசிங் கட்டணம் 499. ஆக 1,299 ரூபாய் கூடுதல். அதுதான் வட்டி, பெயர்தான் வேறு! பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. நம் குழுவில் 11,200-ஐ நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில், பத்துத் தவணையாகக் குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வட்டி 616 ரூபாய். அதுவும் குழுவுக்குள்ளேயேதான் சுற்றும்.

பில் இல்லாமல் வாங்கினால் 200 ரூபாய் குறைக்கிறேன் என்பார்கள். வேண்டாம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பில் தர மறுப்பதே தவறு. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று எழுதி வைத்துக்கொண்டு பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் தவறு. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கடைக்காரர் ஒத்து வராவிட்டால் 1915-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலும் பேசலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. நாங்கள் அந்த ஐந்து போனுக்கும் பில்லைத் தொலைத்துவிட்டு நின்றோம். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறோம்.

அடுத்த கூட்டத்தில் உங்கள் குழுவிலும் போன்களைப் பாயில் வையுங்கள். தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் மாடல், வாங்கிய மாதம், விலை, குறை ஆகியவற்றை எழுதுங்கள். மிக்ஸி, கிரைண்டர், ஃபேனுக்கும் இதே மாதிரி எழுதலாம். பக்கத்துக் குழுவோடு நோட்டை மாற்றிப் படித்தால் இன்னும் நல்லது.

அந்தத் தையல் உறுப்பினருக்குக் கடன் அடுத்த கூட்டத்தில் தீர்மானமானது. மகன் சொன்ன மாடலை அவர் வாங்கவில்லை. பாயில் இருந்த போன்களில் இரண்டு வருஷம் ஆகியும் குறை சொல்லாத ஒன்றின் புது மாடலை வாங்கினார். பையனுக்குக் கோபம், இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்று மாதம் கழித்து நோட்டில் அவர் எழுதியிருப்பது இது: சார்ஜ் ராத்திரி ஒன்பது வரை நிற்கிறது. சத்தம் தையல் மிஷின் ஓடும்போதும் கேட்கிறது. படம் சுமார். நூல் கலர் கொஞ்சம் மாறித் தெரிகிறது, பகல் வெளிச்சத்தில் எடுத்தால் சரியாக வருகிறது.